கொழும்பில் ஒரு தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார்: முதல் மூன்று மாதங்கள்

பொரளையில் காரை வாங்கி வெள்ளவத்தை வீட்டுக்கு ஓட்டிவந்த முதல் மாலை இன்னும் நினைவில் நிற்கிறது. ஏழு கிலோமீட்டர் வரும். ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் எடுத்தது. மூன்றாம் கியரை ஒரே ஒரு தடவை போட்டேன். போட்ட கையோடு இறக்க வேண்டியதாயிற்று. பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரர் குனிந்து உள்ளே பார்த்து, "எவ்வளவு போகும் மிஸ்?" என்று சிங்களத்தில் கேட்டார். அந்த நேரம் என் வேகமானி காட்டியது பூச்சியம்.

கார் மாஸ்டா எம்.எக்ஸ்-5. ஜப்பானில் ரோட்ஸ்டர் என்பார்கள். நான்காம் தலைமுறை, 2015இல் விற்பனைக்கு வந்த வடிவம். 1.5 லீற்றர் இயந்திரம், 131 குதிரைவலு, ஆறு கியர், இரண்டே இருக்கை, கையால் மடக்கும் துணிக் கூரை. எடை சுமார் 1,000 கிலோதான். இந்த நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதனால் 'புதுக் கார்' என்று நாம் சொல்வது பல நேரம் நமக்கு மட்டும் புதிது. என்னுடையதும் அப்படித்தான், ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்தது.

இந்த மாதிரிக் கார் வாங்கும் பலர் வேகத்தைப் பற்றியே கேட்கிறார்கள். கொழும்பில் அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் மணிக்கு இருபது கிலோமீட்டரில் ஓட்டப் பழகுங்கள். கிளச் எரிவது, முன் பம்பர் உரசுவது, ரயர் வீங்குவது எல்லாமே இருபதில்தான் நடக்கின்றன. கீழே உள்ளவற்றில் பாதி நான் பிழையாகச் செய்து கற்றுக்கொண்டவை. வேறு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தாலும் பெரும்பாலானவை பொருந்தும். எண்களை மட்டும் உங்கள் காரின் கைநூலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாவியை வாங்க முன்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்தக் காருக்கும் இதே கதைதான். பதிவுச் சான்றிதழில் உள்ள சேஸி இலக்கமும் காரில் அடித்திருக்கும் இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். லீசிங் கட்டி முடித்த கார் என்றால், அந்த நிறுவனத்தின் பெயர் சான்றிதழிலிருந்து நீக்கப்பட்டிருக்க வேண்டும். ஜப்பானில் ஏலம் போனபோது காரின் நிலையைக் குறித்துக் கொடுத்த ஏல அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். 'ஓப்பன் பேப்பர்' என்று கையெழுத்து மட்டும் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம்; உடனே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

முழுக் காப்புறுதி எடுக்கும்போது வெள்ளம் அதற்குள் வருகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கொழும்பில் அது சும்மா கேள்வி கிடையாது. ஆமர் வீதியில் ஒரு மணி நேர மழைக்குப் பிறகு நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று: சத்தமான சைலன்ஸர் பூட்டிய காரை வாங்குவதானால், பழைய சைலன்ஸரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வருடா வருடம் புகைப் பரிசோதனைக்குப் போக வேண்டும். வழியில் பொலிஸ் மறிப்பதும் உண்டு. அந்த நேரத்தில் பழையதைத் தேடி அலைவதில் பயனில்லை.

முதல் நாள்: உட்காரப் பழகுங்கள்

சிரிக்காதீர்கள். இந்தக் காரின் உயரம் 1,235 மில்லிமீட்டர். நிலத்தில் பாய் போட்டு உட்கார்ந்து கால் நீட்டியது போல இருக்கும். முதலில் கிளச்சை முழுதாக மிதித்துப் பாருங்கள். அப்போதும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும். தோளை இருக்கையிலிருந்து எடுக்காமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் படவேண்டும். வீதியில் சாய்ந்து படுத்தபடி ஒரு கையால் ஓட்டுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு அவசரத்தில் கிளச் அடிமட்டத்துக்குப் போகாது.

ஏறுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் பின்பக்கத்தை இருக்கையில் வையுங்கள், பிறகு காலை உள்ளே இழுங்கள். இறங்கும்போது நேர்மாறு. சேலை கட்டியவர்களுக்கு இது பெரிய சோதனை. அம்மாவை முதல் தடவை பம்பலப்பிட்டிக்குக் கூட்டிப் போனபோது, இறங்குகிற இடத்தில் சொன்னா: "ஏறினது நானாத்தான் பிள்ளை. எழும்பத்தான் ஒரு ஆள் வேணும்." அன்றிலிருந்து நடைபாதைக் கல்லுக்குப் பக்கமாக நிறுத்தி, கல்லில் கால் ஊன்றி எழும்ப வைக்கிறேன். ஆனால் கதவைத் திறக்க முன் கல்லின் உயரத்தைப் பாருங்கள். கதவின் கீழ் விளிம்பு அதில் மோதும்.

கண்ணாடிகளையும் அன்றே சரிசெய்யுங்கள். கூரை மூடியிருக்கும்போது பின்பக்க மூலையில் ஒரு ஓட்டோவே மறைந்து நிற்கும் அளவுக்குப் பார்வை மறைகிறது. பஸ்ஸுக்குப் பக்கத்தில் போனால் உங்கள் கண்ணுக்கு நேரே இருப்பது அதன் சில்லு நட்டுகள். பஸ் சாரதிக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. பின்னால் நில்லுங்கள், அல்லது தாண்டிப் போய்விடுங்கள். பக்கத்தோடு பக்கமாக மட்டும் போகாதீர்கள்.

முதல் வாரம்: கிளச்சும் நெரிசலும்

மனுவல் கியர் ஓட்டி வருடங்கள் ஆனவர்கள் முதலில் ஒரு வெற்று இடத்துக்குப் போங்கள். நான் ஞாயிறு அதிகாலை சுதந்திர சதுக்கப் பக்கம் போனேன். அங்கே ஒரே ஒரு பயிற்சி: முதலாம் கியர், அக்சிலரேட்டரைத் தொடாமல் கிளச்சை மட்டும் மெல்ல விட்டுக் காரை நகர்த்துவது. இருபது தடவை. கிளச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று இடது பாதத்துக்கு மனப்பாடமாக வேண்டும்.

பிறகுதான் வாகன நெரிசல். மாலை ஐந்தரைக்கு டூப்ளிகேஷன் வீதியில் எல்லோரும் செய்வது, முன்னால் உள்ள வாகனம் அரையடி நகர்ந்தால் நாமும் அரையடி நகர்வது. ஒட்டோமெட்டிக்கில் அது பரவாயில்லை. இதில் ஒவ்வொரு அரையடியும் கிளச்சின் ஆயுளில் ஒரு துண்டு. முன்னால் ஒரு கார் நீளத்துக்கு இடம் விடுங்கள், அந்த இடம் முழுதாகத் திறந்த பிறகு ஒரேயடியாக உருண்டு போங்கள், திரும்ப நியூட்ரலில் போட்டுக் காலை எடுங்கள். அந்த இடத்தில் மூன்று மோட்டார் சைக்கிளும் ஒரு ஓட்டோவும் நுழையும். நுழையட்டும். பின்னால் இருப்பவர் ஹோர்ன் அடிப்பார். அடிக்கட்டும். கிளச் மாற்றும் செலவில் அவர் பங்கு தரப்போவதில்லை.

கியர் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், உள்ளே உள்ள பாகங்கள் வீணாகத் தேயும். காலையில் முதல் சில நிமிடங்கள் இரண்டாம் கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். எம்.எக்ஸ்-5இல் இது சாதாரணம். கியர் ஒயில் சூடாகும் வரை நிதானமாகப் போடுங்கள், அடித்துத் திணிக்க வேண்டாம்.

இயந்திரமும் அப்படித்தான். நமது வெயிலில் வெப்பமானி விரைவில் நடுவுக்கு வந்துவிடும், ஆனால் ஒயில் சூடாக இன்னும் பத்து நிமிடமாவது வேண்டும். அதுவரை நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் போகாதீர்கள். இந்த இயந்திரம் 7,500 வரை சுற்றும், அந்தச் சத்தத்துக்காகத்தான் பலர் வாங்குகிறார்கள், தெரியும். பத்து நிமிடம் பொறுங்கள். நிஜமாகவே கம்பனிப் புதுசு என்றால் முதல் 1,000 கிலோமீட்டருக்கு முழு அக்சிலரேட்டர் வேண்டாம், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டவும் வேண்டாம்.

பெற்றோல் 95. ஜப்பானிலேயே இந்தக் காருக்கு உயர் ஒக்டேன் பெற்றோல்தான் சொல்லப்பட்டிருக்கிறது, அமுக்க விகிதம் (இயந்திரம் பெற்றோல், காற்றுக் கலவையை எவ்வளவு அமுக்குகிறது என்பது) 13க்கு 1. பெற்றோல் செட்டில் வாயைத் திறக்க முன் 92இன் குழாயைச் செருகிவிடுவார்கள். இறங்கி நின்று சொல்லுங்கள். தாழ்வாக உட்கார்ந்தபடி சொன்னால் யாருக்கும் கேட்காது.

வேகத்தடையும் சாய்தளமும்

இதுதான் கொழும்பு. காருக்கும் நிலத்துக்கும் இடையே சுமார் 140 மில்லிமீட்டர். வீதி அதிகார சபை போட்ட ஒழுங்கான வேகத்தடைகளில் பிரச்சினை இல்லை. ஒழுங்கைகளில் குடியிருப்பவர்களே சீமெந்தால் கட்டிய தடைகள் இருக்கின்றனவே, அவற்றில்தான் வினை. குறுகலாக, கூராக, சில நேரம் நிறப்பூச்சுக்கூட இல்லாமல்.

தடைக்கு முன் பிரேக்கை முடித்துவிடுங்கள். பிரேக் பிடித்தபடி ஏறினால் காரின் மூக்கு கீழே குத்தியிருக்கும், அந்தச் சில மில்லிமீட்டரில்தான் உரசும். பிரேக்கை விட்டு, மூக்கு எழும்பிய பிறகு, நடை வேகத்தில் உருண்டு ஏறுங்கள். வீதி அகலமாக இருந்தால் சரிவாக, ஒரு சில்லு முதலும் மற்றது பிறகுமாக ஏறலாம். எங்கள் ஒழுங்கையில் அதற்கு இடமில்லை, எதிரே மீன்காரரின் சைக்கிள் நிற்கும்.

மாடிக் குடியிருப்புகளின் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடம் இன்னொரு கதை. முதல் மாலை அந்த ஒரு மணி பத்து நிமிடத்தையும் கடந்து வந்து, வீட்டுச் சாய்தளத்தின் அடியில் 'கர்ர்' என்று ஒரு சத்தம். முன் பம்பரின் அடி விளிம்பு. செக்கியூரிட்டி ஐயா டோர்ச்சோடு ஓடிவந்து பார்த்து, என்னைவிட அதிகம் வருத்தப்பட்டார். அடுத்த நாள் இருவரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தோம்: இடது சுவரோடு ஒட்டிப் போய், கடைசியில் வலப்பக்கமாக வளைத்து, சரிவாக இறங்குவது. இன்று வரை உரசவில்லை. நீங்களும் வீடு, வேலைத்தலம், அடிக்கடி போகும் கடை ஆகியவற்றின் சாய்தளங்களை ஒருமுறை நடந்து பாருங்கள். அடியில் பாதங்களை முன்பின் வைத்து நின்றால், சரிவு எவ்வளவு திடீரென்று மாறுகிறது என்று கணுக்காலே சொல்லும்.

நாரஹேன்பிட்டி, நுகேகொடைப் பக்கம் களனிவெளி ரயில் பாதையைக் கடக்கும் இடங்களிலும் இதே விதி, நடை வேகம். தரிப்பிடத்தில் சீமெந்துக் கட்டைகள் இருந்தால் மூக்கை முட்டவிடாமல் பின்பக்கமாக நிறுத்துங்கள்.

ரயர்: 35 என்ற நோய்

கொழும்பில் காற்று நிரப்பும் பையனிடம் எந்தக் காரைக் கொண்டுபோனாலும் 35 பீ.எஸ்.ஐ. அடிப்பான். எனக்கும் அடித்தான். இரண்டு வாரம் கார் ஒவ்வொரு குழிக்கும் குதித்தது, முதுகு வலித்தது. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இப்படித்தான் போலும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாரதிப் பக்கக் கதவைத் திறந்தபோது ஸ்டிக்கர் கண்ணில் பட்டது: நான்கு ரயருக்கும் 29. குறைத்த அன்றே வேறு கார். ஆயிரம் கிலோ மட்டும் எடையுள்ள வண்டிக்கு அவ்வளவு காற்று எதற்கு? சிறிய காற்றுமானி ஒன்றை வாங்கி, காலையில் ரயர் குளிராக இருக்கும்போது நீங்களே பாருங்கள்.

இந்தக் காரில் மேலதிகச் சில்லு இல்லை. டிக்கியில் இருப்பது ஒரு பசைப் போத்தலும் சிறு கம்பிரஸரும். ஆணி குத்தினால் அது போதும். பள்ளத்தில் விழுந்து ரயரின் பக்கச்சுவர் வீங்கினாலோ கிழிந்தாலோ பசை உதவாது, இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். காப்புறுதிக்காரரின் வீதி உதவி இலக்கத்தைத் தொலைபேசியில் பதிந்து வையுங்கள். மாதம் ஒருமுறை நான்கு ரயரின் உள்பக்கச் சுவரையும் கையால் தடவிப் பாருங்கள். வீக்கம் கைக்குத்தான் முதலில் தெரியும்.

பழைய கார் என்றால் ரயரில் பூ (நிலத்தில் படும் பக்கத்தின் வெட்டுக்கோடுகள்) நிறைய இருக்கிறது என்று ஏமாந்துவிடாதீர்கள். டீ.ஓ.டீ. (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் வருடமும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். என் காரில் பூ முக்கால்வாசி இருந்தது, இறப்பர் மட்டும் கல்லாகிவிட்டிருந்தது. ஓடாத கார்களுக்கு வரும் வியாதி இது. என் அளவு 195/50 ஆர்16. கடைக்கு முதல் நாளே கூப்பிட்டுக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. புது ரயர் போட்ட பிறகு முதல் இருநூறு கிலோமீட்டருக்கு வளைவுகளில் விளையாட வேண்டாம், மேல்பூச்சு போக வேண்டும்.

மழை

பின் சில்லில் இழுக்கும் கார். காய்ந்த வீதியில் ஒன்றுமே தெரியாது. நாலு நாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையின் முதல் பத்து நிமிடம்தான் ஆபத்து, வீதியில் படிந்திருந்த ஒயிலெல்லாம் அப்போது மேலே வரும். பாதசாரிக் கடவைக் கோடுகளும், வேலை நடக்கும் இடங்களில் போட்டிருக்கும் இரும்புத் தகடுகளும் சோப்பு மாதிரி. அக்சிலரேட்டரை ஸ்டியரிங் நேரான பிறகு கொடுங்கள். வழுக்கல் தடுக்கும் கட்டுப்பாட்டை அணைக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது. கொழும்பு வீதிகளில் அதற்கு ஒரு வேலையும் இல்லை, தொடாதீர்கள்.

தேங்கிய தண்ணீரில், முன்னால் போகும் காரின் சில்லு பாதி மறைந்தால் நீங்கள் திரும்புங்கள். இயந்திரம் காற்று இழுக்கும் வாய் முன்னால் தாழ்வாக இருக்கிறது. ஒரு குவளை தண்ணீர் உள்ளே போனால் இயந்திரமே போய்விடும்.

உப்பு, காகம், துணிக் கூரை

வெள்ளவத்தைக்காரர்களுக்குக் கடலோர வீதியான மெரின் டிரைவ் ஒரு வரம், காருக்கு ஒரு சாபம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று அடிக்கும்போது ரயில் பாதைக்கு அப்பாலிருந்து உப்புச் சாரல் நேரே காரில் விழும். கண்ணாடியைத் துடைத்து நாக்கில் வைத்துப் பாருங்கள், சந்தேகமிருந்தால். அந்த மாதங்களில் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மேலே மினுக்குவதைவிட அடிப்பாகமும் சில்லு வளைவுகளின் உள்பக்கமும் முக்கியம். துரு அங்கேதான் தொடங்கும்.

சேர்விஸ் ஸ்டேஷனில் கழுவக் கொடுத்தால் பக்கத்தில் நில்லுங்கள். முதல் தடவை நான் உள்ளே ரீ குடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது ஒரு தம்பி அமுக்கத் தண்ணீர்க் குழாயைத் துணிக் கூரையின் தையலில் நேரே பிடித்துக்கொண்டிருந்தான். துணியின் நீர்காப்பு போய், அடுத்த மழைக்குத் தையலில் ஈரம் கசிந்தது. கூரைக்குச் சாதாரணக் குழாய்த் தண்ணீர், மென்மையான தூரிகை, துணிக் கூரைக்கென்று விற்கும் திரவம், அவ்வளவுதான். வருடம் ஒன்றிரண்டு தடவை நீர்காப்புத் தெளிப்பான். ஈரத்தோடு மடிக்கவே கூடாது. நமது புழுக்கத்தில் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடித்து, கார் முழுக்க மழைக்கால அலுமாரி வாசம் அடிக்கும்.

கூரை மடிந்து உட்காரும் இடத்தில், இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு ஓரங்களிலும் தண்ணீர் வடியும் துவாரங்கள் இருக்கின்றன. இதை எனக்கு விற்றவர் சொல்லவில்லை. மரத்தடியில் நிறுத்துபவர்களுக்கு அதில் இலையும் பூவும் சேர்ந்து அடைக்கும். பிறகு தண்ணீர் கம்பளத்துக்கு அடியில் போய்த் தேங்கும். மாதம் ஒருமுறை கூரையைப் பாதி திறந்து, குப்பையை விரலால் எடுத்து, ஒரு குவளை தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். காருக்கு அடியில், பின் சில்லுக்கு முன்னால் வடிந்தால் சரி.

காகம். கொழும்புக் காகங்களுக்குச் சிவப்புக் கார் என்றால் தனிப் பிரியம் என்று நான் நம்புகிறேன், ஆதாரமில்லை. எச்சத்தை உலர்ந்த துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள், அதில் உள்ள மணல் கீறும். நனைத்த கடதாசியை ஐந்து நிமிடம் அதன்மேல் போட்டு ஊறவிட்டு, தூக்கி எடுங்கள். வெயிலில் ஒரு நாள் விட்டால் பூச்சில் தழும்பு விழும். அதற்காக ஒரு தண்ணீர்ப் போத்தலும் கடதாசியும் எப்போதும் காரில் வைத்திருக்கிறேன். கழுவும்போது இரண்டு வாளி, ஒன்று சோப்புக்கு, ஒன்று துணியை அலச. பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், மெழுகையும் சேர்த்துக் கொண்டு போய்விடும்.

இந்த இடத்தில் பூசையையும் சொல்லிவிட வேண்டும். அம்மா விடமாட்டா. மயூரபதி அம்மன் கோயிலுக்குப் போனோம். எலுமிச்சங்காய் சில்லுக்கு அடியில் வைப்பது நல்லது, தேங்காயும் நல்லது, சிரட்டைத் துண்டுகளைப் பொறுக்கிய பிறகு நகருங்கள். சந்தனமும் குங்குமமும் முன் கண்ணாடியில் வைக்கும்படி முன்கூட்டியே பணிவாகக் கேளுங்கள். நான் கேட்கவில்லை. துணிக் கூரையின் முன் விளிம்பில் ஒரு குங்குமப் பொட்டு இன்னும் மங்கலாக இருக்கிறது. அம்மா அதைப் பாதுகாப்பு என்கிறா. நானும் இப்போது கழுவிப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

கராஜ்

கராஜ்காரர் என்னைப் பார்த்து முதலில் கேட்டது "மிஸ்டர் வரல்லையா?" என்றுதான். மிஸ்டர் இல்லை, கார் என்னுடையது. அதன் பிறகு பேச்சு ஒழுங்காக நடந்தது. நல்ல பாஸ் (மெக்கானிக்) ஒருவரைக் கண்டுபிடிப்பதற்கு என் அளவுகோல் இது: காரைத் தூக்க முன் எங்கே தூக்க வேண்டும் என்று குனிந்து பார்க்கிறாரா? தாழ்ந்த கார்களில் ஜாக் வைக்கக் குறித்த நான்கு இடங்கள் இருக்கின்றன. கண்ட இடத்தில் தூக்கினால் அடி விளிம்பு மடங்கும். சில்லு நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் முழுதாக இறுக்கிவிடுபவரிடமும் இரண்டாம் தடவை போகாதீர்கள்.

ஒயில் 0டபிள்யூ-20. நான் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். நெரிசலில் கார் நகராமல் நின்றாலும் இயந்திரம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, ஓடோமீற்றர் அதைக் கணக்கில் எடுக்காது. பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கொழும்பின் ஈரப்பதத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதை ஒத்திப்போட வேண்டாம். றேடியேட்டருக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்ற யாரையும் விடாதீர்கள். நிறுத்தத்தில் இயந்திரம் தானாக அணையும் வசதி உள்ள கார் என்றால், பற்றரி மாற்றும்போது அதற்கென்ற வகையையே கேளுங்கள். சாதாரணப் பற்றரி நீடிக்காது.

உதிரிப்பாகத்துக்குப் பஞ்சிகாவத்தை. ஜப்பானிலிருந்து வந்த பழைய பாகங்கள் மலைபோலக் கிடக்கும், ஆனால் எம்.எக்ஸ்-5 என்றால் பத்துக் கடை ஏறி இறங்க வேண்டும். பாக இலக்கத்தை எழுதிக்கொண்டு போங்கள், பழைய பாகத்தையும் கையில் கொண்டு போங்கள். பிரேக் பட்டைகளை மட்டும் பாவித்ததாக வாங்காதீர்கள். புதுப் பட்டை போட்டால், வெறுமையான வீதியில் அறுபதிலிருந்து இருபது வரை ஒரு பத்துத் தடவை மிதமாகப் பிடித்து விட்டுப் பழக்குங்கள்.

மூன்றாம் மாதம்: ஞாயிறு காலை ஐந்தரை

இவ்வளவு பொறுமைக்கும் கூலி இங்கேதான். கொழும்பு மதியத்தில் கூரையைத் திறப்பவர் தோசைக்கல்லில் உட்காரலாம், இரண்டும் ஒன்றுதான். அதிகாலையில் காலிமுகத்திடல் பக்கமாக, கூரை இல்லாமல், இரண்டாம் மூன்றாம் கியரில் ஐம்பதுக்குள் போய்ப் பாருங்கள். ஐம்பதிலேயே இந்தக் கார் எழுபது மாதிரி உணர வைக்கும், நிலத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறீர்கள். பாண் வெதுப்பகத்தின் வாசம், கடலின் வாசம், முன்னால் போகும் பஸ்ஸின் புகை, எல்லாம் உள்ளே வரும். போயா தினக் காலைகளும் நல்லவை, வெசாக்கைத் தவிர. அன்று தன்சல் (வீதியோர இலவச அன்னதானம்) வரிசையில் மாட்டினால் கிளச் பற்றி மேலே சொன்னதையெல்லாம் திரும்பப் படிக்க வேண்டிவரும்.

நீளமாக ஓட வேண்டுமென்றால் கொட்டாவையில் தெற்கு அதிவேகப் பாதையில் ஏறி வெலிப்பென்ன வரை. ஏறும் இடத்தில் ஒரு சிரமம்: சீட்டுத் தருபவரின் ஜன்னல் உங்கள் தலைக்கு மேலே இருக்கும். கூரை மூடியிருந்தால் பாதி உடம்பை வெளியே நீட்ட வேண்டும். வேக வரம்பு 100. ஆறாம் கியரில் அதற்கு இயந்திரம் சுமார் 2,500 சுற்றுத்தான் சுற்றும், அலுப்பாகக்கூட இருக்கலாம். பின்னால் ஒரு கார் விளக்கை அடித்து அடித்து ஒட்டிக்கொண்டு வரும், 'வா பார்க்கலாம்' என்று. இடது தடத்துக்கு மாறி வழி விட்டுவிடுங்கள். வேகம் பார்க்கிற ஆசை அடங்காவிட்டால் கட்டுக்குருந்தை ஓட்டப் பாதையில் பந்தயம் நடக்கும் நாளில் போய்ப் பாருங்கள். தலைக்கவசமும் மீட்பு வண்டியும் இருக்கும் இடம் அது. மலை ஏறும் பந்தயம் பிடிக்குமென்றால் ஏப்ரலில் நுவரெலியா மகாகஸ்தோட்டை.

வெலிப்பென்னயில் ஒரு ரீ. திரும்ப இறங்கும்போது மணி எட்டரைக்கு மேல் ஆக வேண்டாம். அதற்குப் பிறகு மகரகமையில் வெயிலும் பஸ்ஸும் ஒன்றாக ஏறும். வீட்டு ஒழுங்கைக்குள் திரும்ப முன் ஓரமாக நிறுத்திக் கூரையை மூடிவிடுங்கள். எங்கள் சாய்தளத்துக்கு மேலே ஒரு மின்கம்பி போகிறது. காகங்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.